மாதிரியெடுப்பு வீதமும் காலத்தொடர் நிறமாலைப் பகுப்பாய்வும்: கடல்மட்டத் தரவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

காலத்தொடர் ஒன்றின் நிறமாலையில் தோன்றும் முகடு, அளக்கப்பட்ட பொருளின் இயல்பை மட்டும் காட்டுவதன்று. அதை எத்தனை கால இடைவெளியில் அளந்தோம் என்பதும் அம்முகட்டில் கலந்திருக்கிறது. மாதிரியெடுப்பு வீதம் போதாதபோது விரைவான அலைவுகள் மறைந்துவிடுவதில்லை. மெதுவான அலைவுகளாக உருமாறித் தரவினுள் தங்கிவிடுகின்றன. மடிப்பு எனப்படும் இவ்விளைவைக் கடல் ஓதம், வளிமண்டல அழுத்தம், செயற்கைக்கோள் உயரமானி ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மாதிரியெடுப்பு இடைவெளி, தொடரின் மொத்தக் கால அளவு, அளவிடும் முன் செய்யப்படும் வடித்தல் ஆகிய மூன்றும் நிறமாலையை வெவ்வேறு வகையில் கட்டுப்படுத்துகின்றன என்பதும், மடிப்பைத் தரவு திரட்டிய பின்னர்க் கணக்கீட்டால் மட்டும் நீக்க இயலாது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காலத்தொடர், மாதிரியெடுப்பு வீதம், நைக்விஸ்ட் அதிர்வெண், மடிப்பு, போலி அதிர்வெண், ஓதம், நிறமாலை.

முன்னுரை

மறைந்திருக்கும் காலச்சுழற்சிகளைத் தரவிலிருந்து கண்டறியும் முயற்சி பழமையானது. ஆர்தர் சூஸ்டர் 1898-இல் அலைவுக்கால வரைபடம் என்னும் முறையை முன்வைத்தார். 1965-இல் கூலி, டூக்கி இருவரும் வெளியிட்ட விரைவு ஃபூரியே உருமாற்றம், பல்லாயிரம் தரவுகளின் நிறமாலையைக் கணினியில் எளிதில் பெற வழிவகுத்தது. இன்று ஒரே கட்டளையில் நிறமாலை கிடைத்துவிடுகிறது. கணக்கீடு எளிதான அளவுக்கு, அதன் அடிப்படையாகிய அளவீட்டு முறை ஆய்வேடுகளில் போதிய விளக்கம் பெறுவதில்லை. தரவின் மூலமும் மென்பொருளின் பெயரும் குறிக்கப்படும் இடங்களிலும், ஒவ்வொரு மதிப்பும் அக்கணத்தில் எடுக்கப்பட்ட அளவா, ஒரு காலப்பகுதியின் சராசரியா என்பது குறிக்கப்படாமல் போகிறது.

இவ்விடுபாடு முடிவையே மாற்றக்கூடியது. 12 மணி 25 நிமிட அலைவு ஒன்று, அளவிடும் இடைவெளியைப் பொறுத்து 15 நாள் சுழற்சியாகவோ 62 நாள் சுழற்சியாகவோ 94 நாள் சுழற்சியாகவோ நிறமாலையில் தோன்றக்கூடும். அவ்வாறு தோன்றும் முகட்டுக்குப் பருவக்காற்றிலோ கடல் நீரோட்டத்திலோ காரணம் தேடும் ஆய்வு, இல்லாத ஒன்றுக்கு விளக்கம் எழுதுவதாக முடியும். அத்தகைய பிழை நேரும் விதத்தையும் அதைத் தவிர்க்கும் வழியையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். ஓதங்களின் அலைவுக்காலங்கள் வானியல் கணக்கால் மிகத் துல்லியமாக அறியப்பட்டவை. ஆகவே எது உண்மை, எது போலி என்பதைச் சரிபார்க்க அவை தகுந்த உரைகல்லாகின்றன.

1. இரு வேறு எல்லைகள்: இடைவெளியும் கால அளவும்

சம இடைவெளியில் எடுக்கப்பட்ட காலத்தொடருக்கு இரண்டு அடிப்படை அளவுகள் உள்ளன. ஒன்று, அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையிலான மாதிரியெடுப்பு இடைவெளி. இதன் தலைகீழே மாதிரியெடுப்பு வீதம். மற்றொன்று, தொடரின் மொத்தக் கால அளவு. இவ்விரண்டும் நிறமாலையின் இரு வேறு முனைகளை ஆள்கின்றன.

மாதிரியெடுப்பு இடைவெளி, காணக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண்ணை வரையறுக்கிறது. ஓர் அலைவை அடையாளம் காண அதன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுக்கு மேற்பட்ட மதிப்புகள் வேண்டும். எனவே மாதிரியெடுப்பு வீதத்தில் பாதியே எல்லை. ஹாரி நைக்விஸ்ட் தந்திச் செலுத்தம் குறித்து 1928-இல் எழுதிய கட்டுரையை ஒட்டி இது நைக்விஸ்ட் அதிர்வெண் எனப்படுகிறது. விட்டேக்கர் 1915-இலும் கொடெல்னிக்கோவ் 1933-இலும் இக்கருத்தின் கணித வடிவங்களைத் தந்தனர். கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரை அதைத் தகவல்தொடர்புக் கோட்பாட்டில் நிலைநிறுத்தியது. மணிக்கு ஒருமுறை அளக்கப்பட்ட தொடரில் 2 மணி நேரத்துக்குக் குறைந்த அலைவுக்காலத்தை அறிய இயலாது. நாளுக்கு ஒருமுறை அளந்த தொடரில் 2 நாளுக்குக் குறைந்த அலைவுக்காலத்தை அறிய இயலாது.

தொடரின் மொத்தக் கால அளவு, அடுத்தடுத்துள்ள இரு அதிர்வெண்களைப் பிரித்துக் காணும் திறனை வரையறுக்கிறது. கால அளவின் தலைகீழ் மதிப்பே ஏறத்தாழப் பிரிதிறன். நிலவால் விளையும் முதன்மை ஓதக்கூறு எம்2. இதன் அலைவுக்காலம் 12.42 மணி. சூரியனால் விளையும் எஸ்2 கூறின் அலைவுக்காலம் சரியாக 12 மணி. இவற்றைப் பிரிக்க 14.77 நாள் தரவு வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ ஒருமுறை அலையும் கே1, பி1 ஆகிய கூறுகளைப் பிரிக்க ஏறத்தாழ அரையாண்டுத் தரவு வேண்டும்.

இவ்விரு எல்லைகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் நிலை உண்டு. மணிக்கு ஒருமுறை அளந்த 30 நாள் தொடரில் 720 மதிப்புகள் இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் 43,200 மதிப்புகள் கிடைக்கும். தரவின் எண்ணிக்கை 60 மடங்கு பெருகினாலும் பிரிதிறன் மாறுவதில்லை. இரண்டுமே கே1, பி1 கூறுகளைப் பிரிக்க இயலாதவை. வீதத்தை உயர்த்துவதால் நிறமாலையின் உயர் எல்லை மட்டுமே விரிகிறது. அதிக மதிப்புகள் நுண்ணிய நிறமாலையைத் தரும் என்னும் எதிர்பார்ப்பு, கால அளவும் சேர்ந்து நீளும்போதுதான் நிறைவேறும்.

2. மடிப்பு நிகழும் விதம்

நைக்விஸ்ட் எல்லைக்கு மேற்பட்ட அலைவுகள் தரவில் இடம்பெறாமல் விலகிவிடும் என்று கருதுவது இயல்பு. உண்மை அவ்வாறில்லை. அவ்வலைவின் ஆற்றல் முழுவதும் எல்லைக்குக் கீழுள்ள வேறோர் அதிர்வெண்ணில் வந்து சேர்கிறது. தாளை நைக்விஸ்ட் கோட்டில் மடித்தால் வலப்பக்கத்து எழுத்து இடப்பக்கத்து எழுத்தின் மேல் படிவதை இதற்கு ஒப்பிடலாம். வந்து சேரும் இடத்தைப் போலி அதிர்வெண் என்கிறோம். அதைக் கணக்கிடும் முறை எளியது: உண்மை அதிர்வெண்ணிலிருந்து, அதற்கு மிக அருகிலுள்ள மாதிரியெடுப்பு வீதத்தின் முழு எண் மடங்கைக் கழிக்க வேண்டும், குறியை நீக்கினால் எஞ்சுவதே போலி அதிர்வெண்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சுனாமி அலைகளின் அலைவுக்காலம் பெரும்பாலும் சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை அமையும். 45 நிமிட அலைவின் அதிர்வெண் மணிக்கு 1.333 சுற்று. இதை மணிக்கு ஒருமுறை மட்டும் அளந்தால், 1.333-லிருந்து 1-ஐக் கழிக்க 0.333 எஞ்சும். அதாவது, 45 நிமிட அலை 3 மணி நேர அலையாகப் பதிவாகும். ஓதக் கணக்கீட்டுக்குப் போதுமான மணிநேரத் தரவு, சுனாமி ஆய்வுக்குப் போதாமல் போவது மட்டுமன்றித் தவறான அலைவுக்காலத்தையும் தரும். 2004 டிசம்பர் 26-க்குப் பின் இந்தியப் பெருங்கடல் பகுதியில் சுனாமிக் கண்காணிப்புக்கென வலுப்படுத்தப்பட்ட கடல்மட்ட நிலையங்களில் நிமிட அளவிலான மாதிரியெடுப்பு வலியுறுத்தப்பட்டதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

3. நாளுக்கு ஒருமுறை அளத்தல்: ஓர் உரைகல்

சென்னைக் கடற்கரையில் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் வகையைச் சேர்ந்தது. நிலவின் நாள் 24 மணி 50 நிமிடம் ஆதலால் ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இங்குக் கடல்மட்டம் ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்கு ஒருமுறை மட்டும் குறிக்கப்படுவதாகக் கொள்வோம். ஒரு நாள் காலை 8 மணிக்கு ஏற்றம் உச்சத்தில் இருந்தால், மறுநாள் அதே நேரத்தில் உச்சத்துக்குச் சற்று முந்தைய நிலையே அளக்கப்படும். அடுத்த நாள் அதற்கும் முந்தைய நிலை. இவ்வாறு பின்னோக்கி நகர்ந்து ஏறத்தாழ 7 நாளில் இறக்கமும், 15 நாளில் மீண்டும் ஏற்றமும் பதிவாகும். அரை நாள் அலைவு அரைமாத அலைவாகிவிட்டது.

கணக்கீடு இதை உறுதிசெய்கிறது. முதன்மை ஓதக்கூறுகளின் அதிர்வெண்களும், நாளுக்கு ஒருமுறை அளக்கும்போது அவை தோன்றும் போலி அலைவுக்காலங்களும் வருமாறு:

எம்2: நாளுக்கு 1.93227 சுற்று, போலி அலைவுக்காலம் 14.77 நாள்.
எஸ்2: நாளுக்கு 2 சுற்று, அலைவே தோன்றாது, நிலையான மதிப்பாகிவிடும்.
என்2: நாளுக்கு 1.89598 சுற்று, போலி அலைவுக்காலம் 9.61 நாள்.
கே1: நாளுக்கு 1.00274 சுற்று, போலி அலைவுக்காலம் 365.24 நாள்.
ஓ1: நாளுக்கு 0.92954 சுற்று, போலி அலைவுக்காலம் 14.19 நாள்.

இப்பட்டியலில் மூன்று செய்திகள் கவனத்துக்குரியவை.

முதலாவது, எம்2-இன் போலி அலைவுக்காலமாகிய 14.77 நாள், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோதமும் அட்டமியை ஒட்டிய சிற்றோதமும் மாறிமாறி வரும் இயற்கைச் சுழற்சியின் காலமும் ஆகும். எஸ்2-இன் அதிர்வெண் சரியாக நாளுக்கு 2 ஆதலால் இப்பொருத்தம் தற்செயலானதன்று. கடல்மட்டத்தில் 14.77 நாள் அலைவுக்காலமுடைய உண்மையான சிறு கூறு ஒன்றும் உண்டு. எம்2-இன் வீச்சு 30 செ.மீ. எனக் கொண்டால், அதே 30 செ.மீ. வீச்சுள்ள போலி அலைவு அவ்வுண்மைக் கூற்றின் மேல் படிந்து அதை முற்றிலும் மறைத்துவிடும். இதைக் காணும் ஆய்வாளர் பேரோதச் சுழற்சியைத் தரவு தெளிவாகக் காட்டுகிறது என்று எழுதக்கூடும். இயற்பியல் விளக்கமும் எளிதில் பொருந்தும். விளக்கம் பொருந்துவதாலேயே பிழை கண்ணுக்குத் தப்புகிறது.

இரண்டாவது, எஸ்2 முற்றிலும் உறைந்துபோகிறது. அளவிடும் நேரம் காலை 8 மணியா 11 மணியா என்பதைப் பொறுத்து, சராசரிக் கடல்மட்டமே சில சென்டிமீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ கணக்கிடப்படும். இடையில் ஓர் ஆண்டில் அளவிடும் நேரம் மாற்றப்பட்டிருந்தால், கடல்மட்டம் திடீரென மாறியதாகத் தோன்றும்.

மூன்றாவது, கே1 சரியாக ஓர் ஆண்டுச் சுழற்சியாக மாறுகிறது. வங்காள விரிகுடாவில் கடல்மட்டத்துக்கு உண்மையான ஆண்டுச் சுழற்சி உண்டு. நாளில் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட தரவில் உண்மைச் சுழற்சியும் கே1-இன் போலியும் ஒரே அதிர்வெண்ணில் கூடிவிடும். எத்தனை ஆண்டுத் தரவு சேர்த்தாலும் அவை பிரியா. மடிந்த இரு அலைவுகள் ஒரே இடத்தில் விழுந்தபின் கால அளவை நீட்டுவதால் பயனில்லை.

4. எல்லையின் மேலேயே அமையும் அலைவு

ஓர் அலைவின் அதிர்வெண் நைக்விஸ்ட் அதிர்வெண்ணுக்குச் சமமாக இருந்தால் என்ன நேரும்? ஒரு சுற்றுக்கு இரண்டு மதிப்புகள் போதும் என்று சில நூல்களில் சுருக்கமாகக் கூறப்படுவதால் இவ்வினா முக்கியமானது.

வெப்பமண்டலத்தில் வளிமண்டல அழுத்தம் நாளுக்கு இருமுறை ஒழுங்காக ஏறி இறங்குகிறது. உள்ளூர் நேரம் காலை 10 மணி, இரவு 10 மணி அளவில் அது உச்சம் பெறும். இவ்வலைவின் வீச்சு வெப்பமண்டலப் பகுதிகளில் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் ஆகும். உலகளாவிய வானிலைத் தரவுத்தொகுதிகள் பல, பன்னாட்டு நேரம் 0, 6, 12, 18 மணிக்கான மதிப்புகளையே தருகின்றன. 12 மணி நேர அலைவுக்கு இது ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு மதிப்புகள்.

உள்ளூர் நேரம் 4, 10, 16, 22 மணியாக அமையும் நிலநிரைக்கோட்டில், அலைவின் உச்சமும் தாழ்வும் அளக்கப்படும். வீச்சு முழுமையாகக் கிடைக்கும். 1, 7, 13, 19 மணியாக அமையும் இடத்தில் ஒவ்வோர் அளவீடும் நடுநிலையைக் கடக்கும் கணத்தில் விழும். அலைவே இல்லை என்று தரவு கூறும். இவ்விரு இடங்களுக்கும் இடையே 45 பாகை நிலநிரைக்கோட்டு வேறுபாடே உள்ளது. உண்மையில் சூரியனைத் தொடர்ந்து மேற்கு நோக்கி நகரும் அலை, இத்தரவில் சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் மறைந்தும் நிற்கும் நிலையலையாகத் தோன்றுகிறது. எனவே மாதிரியெடுப்பு வீதம் உயர் அதிர்வெண்ணின் இருமடங்கை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் போதாது.

5. தொடர்ச்சியான நிறமாலையில் மடிப்பு

இதுவரை கண்டவை கூர்மையான முகடுகள் உடைய அலைவுகள். காற்றுவேகம், ஆற்றுநீர் ஓட்டம், கடல்மட்டத்தின் ஓதமல்லாப் பகுதி போன்றவற்றில் ஆற்றல் எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருக்கும். இங்கு மடிப்பு தனி முகடாகத் தெரியாது. நிறமாலையின் வடிவத்தையே மாற்றும்.

நிறமாலை அடர்த்தி, அதிர்வெண்ணின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதாகக் கொள்வோம். வடிக்காமல் மாதிரியெடுத்தால், நைக்விஸ்ட் அதிர்வெண்ணில் கிடைக்கும் மதிப்பு உண்மை மதிப்பின் ஏறத்தாழ 2.5 மடங்காகும். அதன் பாதி அதிர்வெண்ணில் மிகை ஏறத்தாழ 23 விழுக்காடு. அதற்குக் கீழே மிகை விரைவாகக் குறையும். இதனால் வரைபடத்தின் வலப்பகுதி தட்டையாகி, சரிவின் அடுக்கு உண்மையை விடக் குறைவாக மதிப்பிடப்படும். நீண்டகால நினைவு, கொந்தளிப்பு போன்ற இயல்புகளைச் சரிவிலிருந்து ஊகிக்கும் ஆய்வுகளில் இம்மாற்றம் முடிவைத் திசைதிருப்பக்கூடும்.

கருவியின் இரைச்சலும் மாதிரியெடுப்பு வீதத்தைச் சார்ந்து தோற்றம் மாறுவதாகும். ஒவ்வோர் அளவீட்டிலும் ஒரே பரவற்படியுள்ள, ஒன்றையொன்று சாராத பிழை இருந்தால், அப்பரவற்படி முழுவதும் சுழியம் முதல் நைக்விஸ்ட் வரை சமமாகப் பரவும். இடைவெளியைப் பாதியாக்கினால் பரவும் பட்டை இருமடங்காகி, இரைச்சலின் அடர்த்தி பாதியாகக் குறையும். வெவ்வேறு வீதத்தில் அளந்த இரு தொடர்களின் நிறமாலைகளை ஒப்பிடும்போது, ஒன்றின் அடித்தளம் உயர்ந்திருப்பதை இயற்கையின் வேறுபாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

6. அளவிடும் முன் வடித்தல்

மடிப்பைத் தடுக்கும் முறையான வழி, மதிப்பைப் பதிவதற்கு முன்பே எல்லைக்கு மேற்பட்ட அலைவுகளை அடக்குவதாகும். மின்னணுவியலுக்கு முன்பே கடல்மட்ட அளவீட்டில் இவ்வறிவு செயல்பட்டது. பழைய மிதவை ஓதமானிகள், அடியில் சிறு துளையுள்ள செங்குத்துக் குழாய்க்கிணற்றுக்குள் அமைக்கப்பட்டன. சில நொடிகளில் எழுந்து விழும் காற்றலைகளுக்கு ஏற்ப நீர் அச்சிறு துளை வழியே உட்புகுந்து வெளியேற நேரம் போதாது. மணிக்கணக்கில் நகரும் ஓதத்துக்கு நேரம் தாராளமாக உண்டு. ஆகவே கிணற்றினுள் ஓதம் மட்டுமே தெரியும். இக்கிணறு ஓர் இயற்பியல் வடிப்பான். இன்றைய ரேடார் ஓதமானிகளில் கிணறு இல்லாத இடங்களில், விரைவாகப் பல முறை அளந்து சராசரி காண்பதன் மூலம் அதே பணி நடைபெறுகிறது.

சராசரி காண்பதும் வடித்தலே. எனினும் அது முழுமையான வடிப்பான் அன்று. 24 மணிநேர மதிப்புகளின் சராசரியை நாள்மதிப்பாகக் கொண்டால் எம்2-இன் வீச்சில் 3.5 விழுக்காடு எஞ்சும். 30 செ.மீ. வீச்சு ஏறத்தாழ 1 செ.மீ. ஆகக் குறைந்து, அதே 14.77 நாள் போலி அலைவாக நிற்கும். ஓ1-இல் 7.5 விழுக்காடு எஞ்சும். 25 மணிநேர மதிப்புகளின் சராசரியில் எம்2-இன் எச்சம் 0.6 விழுக்காடாகக் குறைகிறது. ஓதவியலறிஞர் டூட்சன் வகுத்த வடிப்பான், நண்பகலுக்கு இருபுறமும் 19 மணிநேர மதிப்புகளை உரிய நிறைகளோடு சேர்த்து, முதன்மை ஓதக்கூறுகளை இன்னும் திறம்பட அடக்குகிறது. நாள்மதிப்பு எவ்வாறு பெறப்பட்டது என்பதை ஆய்வேடு குறிக்க வேண்டியதன் காரணம் இதுவே. கணநேர அளவு, எளிய சராசரி, வடித்த சராசரி ஆகிய மூன்றும் ஒரே பெயரில் வழங்கினாலும் அவற்றின் நிறமாலைகள் வேறு.

7. விரைவாக அளக்க இயலாதபோது: செயற்கைக்கோள் உயரமானி

தேவையான வீதத்தில் அளக்க இயலாத சூழல்களும் உண்டு. கடல்மேற்பரப்பின் உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள், ஒரே இடத்துக்குப் பல நாள்கள் கழித்தே திரும்பும். 1992 ஆகஸ்டில் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன், நாசாவும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் இணைந்து உருவாக்கியது. அதன் மீள்வருகைக் காலம் 9.9156 நாள். இந்த இடைவெளியில் ஓதங்கள் அனைத்தும் மடிந்தே தீரும். வடிக்கவும் வழியில்லை; செயற்கைக்கோள் கடந்து செல்லும் கணத்தின் மதிப்பு மட்டுமே உண்டு.

எனினும் ஓதங்களின் அதிர்வெண்கள் முன்கூட்டியே அறியப்பட்டவை. ஆதலால் போலி அதிர்வெண்கள் எங்கு விழ வேண்டும் என்பதைக் கருத்தில் கொண்டே சுற்றுப்பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆண்டு, அரையாண்டுச் சுழற்சிகளோடும் நிலையான மதிப்போடும் முதன்மைக் கூறுகள் கலந்துவிடக் கூடாது என்பது நிபந்தனை. அதன்படி எம்2 62.1 நாளிலும், எஸ்2 58.7 நாளிலும், கே1 173.2 நாளிலும், ஓ1 45.7 நாளிலும் மடிகின்றன. கே1-இன் போலி, அரையாண்டுச் சுழற்சிக்கு அருகில் இருப்பினும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுத் தரவால் பிரிக்கத்தக்கது.

மடிப்பு பிரிதிறனுக்கு விதிக்கும் விலையையும் இங்குக் காணலாம். மணிநேரத் தரவில் எம்2, எஸ்2 கூறுகளைப் பிரிக்க 14.77 நாள் போதும். மடிந்தபின் 62.1 நாளையும் 58.7 நாளையும் பிரிக்க ஏறத்தாழ 1,084 நாள், அதாவது மூன்று ஆண்டுத் தரவு வேண்டும்.

இதற்கு மாறான நிலை, சூரியனோடு ஒத்தியங்கும் சுற்றுப்பாதைகளில் காணப்படுகிறது. ஐரோப்பிய ஈஆர்எஸ், என்விசாட் செயற்கைக்கோள்களும், இஸ்ரோவும் பிரெஞ்சு நிறுவனமும் இணைந்து உருவாக்கி 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட சரல் செயற்கைக்கோளும் 35 நாள் மீள்வருகைப் பாதையைக் கொண்டிருந்தன. இப்பாதையில் செயற்கைக்கோள் ஓரிடத்தை எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும். காலை 8 மணிக்கு மட்டும் அளந்தவரின் நிலையே இது: எஸ்2 உறைந்துவிடும், கே1 365 நாள் சுழற்சியாகும், எம்2 94.5 நாளில் தோன்றும். இச்செயற்கைக்கோள்கள் வேறு பல ஆய்வுகளுக்குச் சிறந்த தரவைத் தந்தன. ஆனால் சூரிய ஓதத்தை அத்தரவிலிருந்து மட்டும் நேராகப் பெற இயலாது. பிற தரவுகளைக் கொண்டு அமைத்த ஓதமாதிரிகளின் துணை வேண்டும்.

ஓதத்தை மாதிரியால் நீக்கிய பின்னும் எச்சப்பிழை அதே போலி அதிர்வெண்ணில் நிற்கும். டோபெக்ஸ் பாதையைப் பின்பற்றிய செயற்கைக்கோள்களின் உலகச் சராசரிக் கடல்மட்டத் தொடரில் கண்ட ஏறத்தாழ 59 நாள் அலைவு, எஸ்2 சார்ந்த பிழைகளோடு தொடர்புபடுத்தப்பட்டது இவ்வகையிலேயே. மேடன், ஜூலியன் இருவரும் 1971-இல் வெப்பமண்டலக் காற்றில் கண்டறிந்த 40 முதல் 50 நாள் அலைவு, இந்தியப் பெருங்கடல் ஆய்வில் முதன்மையானது. ஓ1-இன் போலியாகிய 45.7 நாள் அவ்வெல்லைக்குள்ளேயே விழுகிறது. கடல்மட்டத்தில் இத்தகைய முகட்டைக் காண்பவர், காற்றுத் தரவில் அதற்கு இணை உண்டா என்று பார்ப்பதற்கு முன், போலி அதிர்வெண்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

8. பின்னர்ச் செய்யும் திருத்தங்களின் எல்லை

மடிந்த தரவைக் கணக்கீட்டால் சீராக்கலாம் என்னும் நம்பிக்கை சில நடைமுறைகளில் வெளிப்படுகிறது.

நாள்மதிப்புகளுக்கு இடையே இடைச்செருகல் செய்து மணிநேரத் தொடராக்குவது அவற்றுள் ஒன்று. இதனால் நைக்விஸ்ட் அதிர்வெண் உயர்ந்ததாகக் கணினி காட்டும். ஆனால் புதிய மதிப்புகள் பழையவற்றிலிருந்தே பிறந்தவை. புதுச் செய்தி எதுவும் அவற்றில் இல்லை. போலி முகடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

தொடரின் இறுதியில் சுழியங்களைச் சேர்ப்பது மற்றொன்று. இது நிறமாலை வளைகோட்டை நெருக்கமான புள்ளிகளில் வரைந்து காட்டுமேயன்றிப் பிரிதிறனைக் கூட்டாது. சாளரச் சார்பால் பெருக்குவது முகட்டின் ஆற்றல் அண்டை அதிர்வெண்களுக்குக் கசிவதைக் குறைக்கும். கசிவு தொடரின் முனைகளால் விளைவது. மடிப்பு இடைவெளியால் விளைவது. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

சீரற்ற இடைவெளியில் அளந்த தரவு ஒரு விதிவிலக்கைத் தருகிறது. அளவிடும் நேரங்கள் ஒழுங்கற்றிருந்தால் வெவ்வேறு அலைவுகள் ஒரே மதிப்புத்தொடரை முழுமையாகத் தர இயலாது. லாம்ப் 1976-இலும் ஸ்கார்கிள் 1982-இலும் வகுத்த முறை இத்தகைய தரவுக்கு ஏற்றது. வானியலில் பெரிதும் பயன்படுகிறது. அங்கும் நேரங்கள் உண்மையிலேயே சிதறியிருக்க வேண்டும். இரவில் மட்டும் வானை நோக்கும் தொலைநோக்கியின் தரவில் ஒரு நாள் இடைவெளி உள்ளுறைந்திருப்பதால், நாள் சார்ந்த போலிகள் தோன்றவே செய்யும்.

9. ஆய்வாளர் கவனத்திற்கு

மேற்கண்டவற்றிலிருந்து நிறமாலை ஆய்வு எதற்கும் பொருந்தும் சில நெறிகளைத் தொகுக்கலாம்.

முதலில், ஆய்வுப்பொருளில் இயல்பாக உள்ள விரைவான அலைவுகளைப் பட்டியலிட்டு, திட்டமிடும் இடைவெளியில் அவை எங்கு மடியும் என்று தரவு திரட்டுவதற்கு முன் கணக்கிட வேண்டும். இரண்டாவதாக, ஏற்கெனவே திரட்டப்பட்ட தரவாயின், மதிப்புகள் கணநேர அளவா சராசரியா, அளவிடும் நேரம் நாளில் நிலையானதா, இடையில் மாற்றப்பட்டதா என்பதை அறிந்து குறிப்பிட வேண்டும். மூன்றாவதாக, நுண்ணிய இடைவெளித் தரவு கிடைக்கும் இடங்களில், அதை வடித்தும் வடிக்காமலும் குறைத்து இரு நிறமாலைகளையும் ஒப்பிடலாம். வடிக்காத தொடரில் மட்டும் தோன்றும் முகடு போலியானது. நான்காவதாக, இரு வேறு இடைவெளிகளில் அளந்த தரவு இருந்தால் அதுவே சிறந்த சான்று. உண்மை அலைவு இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும். போலி இடம் மாறும். 62 நாளில் ஒரு செயற்கைக்கோளிலும் 94 நாளில் மற்றொன்றிலும் தோன்றும் முகடு, எம்2-இன் இரு நிழல்களே.

முடிவுரை

மாதிரியெடுப்பு வீதம் கருவியைச் சார்ந்த தொழில்நுட்பச் செய்தி மட்டுமன்று. அது முடிவின் ஒரு பகுதி. மாதிரியெடுத்த பின் எஞ்சும் எண்களில், அவை மெதுவான அலைவிலிருந்து வந்தவையா, மடிந்த விரைவான அலைவிலிருந்து வந்தவையா என்னும் வேறுபாட்டின் தடயம் இருப்பதில்லை. அவ்வேறுபாட்டைத் தீர்மானிப்பது, தரவுக்கு வெளியே நாம் அறிந்திருப்பது: ஓதத்தின் வானியல், கருவியின் அமைப்பு, அளந்த நேரம், வடித்த முறை. ஓதத்தில் இவை நன்கறியப்பட்டவை. ஆதலால் மடிப்பை முன்கணித்துச் சுற்றுப்பாதையையே அதற்கேற்ப அமைக்க முடிந்தது. அதிர்வெண்கள் முன்கூட்டி அறியப்படாத துறைகளில் அத்தகைய பாதுகாப்பு இல்லை. அங்கே அளவிடும் முன் வடித்தலும், இடைவெளியை மாற்றி அளந்து சரிபார்த்தலுமே துணை. நிறமாலையில் ஒரு சுழற்சியைக் கண்டதாக அறிவிக்கும் கட்டுரை, அச்சுழற்சியின் காலத்தோடு தரவின் இடைவெளியையும் அளந்த முறையையும் சேர்த்து அறிவிக்கும்போதே அதன் முடிவு பிறரால் சோதிக்கத்தக்கதாகிறது.